எண்ணெய் இல்லாமல், தன் கரண்டிலேயே தான் ஓடும் ஜெனரேட்டர் சாத்தியமா? முற்பணம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அந்த மெஷினை நாங்களே செய்து பார்த்துவிட்டோம்.

2022இல் இலங்கையில் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நேரம். திருகோணமலை உப்புவெளியில் மோட்டர் வைண்டிங் கடை வைத்திருக்கும் என் மாமா ஒரு வீடியோ பார்த்துவிட்டார். மோட்டர் ஒரு கனத்த சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் ஆல்டர்னேட்டரைச் சுற்றும், அதில் வரும் கரண்ட் திரும்ப மோட்டருக்கே போகும், மிச்சத்தில் வீட்டுக்கு வெளிச்சம். பழைய இரும்புக் கடையில் ஐம்பது கிலோ சக்கரம் ஒன்று வாங்கி வந்தோம். கரண்ட் இருந்த ஒரு பின்னேரம் அதை வேகம் பிடிக்க வைத்து, மோட்டரைச் சுவர் பிளக்கில் இருந்து ஆல்டர்னேட்டருக்கு மாற்றும் சுவிட்சை மாமா திருப்பினார். தொங்கவிட்ட பல்ப் பளிச்சென்று எரிந்தது. நான் கைதட்டி முடிக்கவில்லை, மஞ்சளித்தது, பிறகு இழை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது, சக்கரமும் உறுமி உறுமி நின்றுவிட்டது.

"பெல்ட் சறுக்குது, மருமகன்" என்றார். பெல்ட் மாற்றினோம், பெயாரிங் மாற்றினோம். சில வினாடி கூடக் கிடைத்தது, அவ்வளவுதான்.

சைக்கிள் டைனமோ உங்களுக்குத் தெரிந்திருக்கும். டயரில் அழுத்தி லைட்டைப் போட்டவுடன் பெடல் கனக்கும். யுத்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் ரேடியோ கேட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், செய்தி முடிவதற்குள் மிதித்தவருக்கு வேர்த்துவிடும். எடுக்கும் கரண்ட் கூடக்கூட டைனமோ சக்கரத்தைப் பிரேக் மாதிரிப் பிடிக்கிறது. எங்கள் ஆல்டர்னேட்டரும் அப்படித்தான். மோட்டரும் ஆல்டர்னேட்டரும் ஆளுக்கு நூற்றுக்கு 80 திருப்பித் தரும் நல்ல சாமான் என்றே வையுங்கள். 100 வாட் ஒரு சுற்றில் 64 ஆகும், அடுத்த சுற்றில் 41. வீட்டுக்கு ஏது மிச்சம்?

சரி, சக்கரம் சேமித்து வைக்காதா? வைக்கும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள 50 கிலோ தட்டை நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால் அதில் ஏறக்குறைய 28,000 ஜூல் சக்தி இருக்கும். ஒரு வாட் என்றால் வினாடிக்கு ஒரு ஜூல். ஒன்றுமே வீணாகாவிட்டாலும் 60 வாட் ஃபேன் எட்டு நிமிடம்கூட ஓடாது. அதுவும் முதலில் சுவர் பிளக்கில் இருந்து நாம் கொடுத்ததுதான்.

ஆசை புதிதல்ல. 12ஆம் நூற்றாண்டிலேயே இந்தியக் கணித அறிஞர் பாஸ்கரர், ஆரக்கால்களில் பாதரசம் நிரப்பித் தானே சுற்றும் சக்கரம் ஒன்றைப் பற்றி எழுதினார். பாரிஸ் அறிவியல் கழகம் 1775இல், இனி இந்த வகை மெஷின்களைப் பரிசோதிக்கவே மாட்டோம் என்று அறிவித்துவிட்டது. ஒரு சிநேகிதன் மட்டும் கோணேசர் மலையடியில் கடலைப் பார்த்து நின்று, "அப்ப இந்த அலை?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அலையைக் காற்று தள்ளுகிறது, காற்றை வெயில் தள்ளுகிறது. வெயில்தான் அதற்கு எண்ணெய்.

முற்பணம் கேட்பவரிடம், பெட்டியைத் திறந்து வைத்து, ஒளித்த பேட்டரி இல்லையென்று காட்டி, சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு ஃபேனை விடியும்வரை ஓட்டச் சொல்லுங்கள். பக்கத்திலேயே பாய் போட்டுப் படுங்கள்.