அழைத்தால் இறங்கும் முனையம்

கேள்வி: லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையமான டெர்மினலை ஒரு நாளைக்குப் பலமுறை திறந்து மூடுகிறேன். திறந்து கிடக்கும் சாளரங்களுக்கிடையே அதைத் தேடுவதிலேயே கவனம் சிதறுகிறது. ஒரு விசையைத் தட்டினால் திரையின் மேலிருந்து இறங்கி வரும் டெர்மினலைப் பற்றி நண்பர் சொன்னார். அது வெறும் அலங்காரமா? எதை நிறுவலாம்?

பதில்: அலங்காரம் அன்று. 1996இல் வெளிவந்த குவேக் என்ற கணினி விளையாட்டில், ஒரு விசையை அழுத்தினால் கட்டளை எழுதும் பலகை திரையின் மேல்விளிம்பிலிருந்து இறங்கும். மீண்டும் அழுத்தினால் மறையும். அந்த வசதியை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தவையே இந்த நிரல்கள். அவற்றில் ஒன்றான யாகுவேக்கின் பெயரிலேயே அந்த விளையாட்டின் சாயல் இருக்கிறது.

பலரும் இதன் பயனை வேகம் என்று நினைக்கிறார்கள். புதிய டெர்மினல் திறக்க ஒரு நொடிகூட ஆகாது என்பதால், வேகத்துக்காக மட்டும் இதை நிறுவ வேண்டிய தேவையில்லை. விட்ட இடம் விட்டபடியே இருப்பதுதான் உண்மையான பயன். நீங்கள் விசையைத் தட்டும்போது நிரல் மூடப்படுவதில்லை, மறைக்கப்படுகிறது. ஆகவே நீங்கள் நின்ற கோப்புறை, பாதியில் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளை, தொலைவிலுள்ள சர்வரோடு எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலைநுழைவு முறை வழியே ஏற்படுத்திய இணைப்பு ஆகிய அனைத்தும் பின்னணியில் அப்படியே உயிரோடு இருக்கும். புதிதாகத் திறக்கும் டெர்மினலோ பெரும்பாலும் உங்கள் இல்லக் கோப்புறையில் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கும். நிரல் எழுதும் ஒருவர் எடிட்டரை விட்டு வெளியேறாமல் பதிவுக்கோப்பின் கடைசி வரிகளை இறக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த தட்டலில் அதே வரிக்குத் திரும்ப முடிகிறது. இடையில் சாளரங்களைப் புரட்டவில்லை என்பதால் நினைவில் பிடித்து வைத்திருந்த எண்ண ஓட்டமும் அறுபடுவதில்லை. நான் இதை விடாமல் பயன்படுத்துவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

எதை நிறுவுவது என்பதை உங்கள் பணிச்சூழலே, அதாவது திரையில் சாளரங்களையும் பட்டிகளையும் அமைத்துத் தரும் மென்பொருளே தீர்மானிக்கட்டும். கேடிஇ என்றால் யாகுவேக். அது கான்சோல் என்ற டெர்மினலின் மேல் கட்டப்பட்டது என்பதால் அங்கு செய்த வண்ண, எழுத்துரு அமைப்புகள் இங்கும் செல்லுபடியாகும். எக்ஸ்எஃப்சிஇ பயன்படுத்துவோர் எதையும் புதிதாக நிறுவ வேண்டாம், அதன் டெர்மினலிலேயே இறங்கும் முறை உண்டு. க்னோம் சூழலுக்கு ஏற்றது க்வேக். தமிழில் எழுதும்போது இதுவும் விளையாட்டின் பெயர்போலவே தோன்றும். தேடும்போது ஆங்கில எழுத்து ஜி-யில் தொடங்குவது நிரல், கியூவில் தொடங்குவது விளையாட்டு என்று நினைவில் கொள்ளுங்கள். உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலேயே அது கிடைக்கிறது. நிறுவியபின் அதன் விருப்பத்தேர்வுகளில், கணினியில் நுழைந்ததும் தானாகத் தொடங்கும்படி குறித்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் இரண்டு நாளில் கைவிட்டுவிடுகிறார்கள்.

நாள் முழுவதும் டெர்மினலிலேயே வேலை செய்பவருக்கு இது பொருந்தாது. அவருக்கு முழுத்திரைச் சாளரமே வசதி.

கேள்வி: க்வேக் நிறுவினேன். அதன் சாளரம் முன்னால் இருக்கும்போது, அதை இறக்கி மறைக்கும் விசையான எஃப்12 வேலை செய்கிறது. உலாவியில் இருக்கும்போது அதே விசை உலாவியின் நிரலாளர் கருவிகளைத் திறக்கிறது. என்ன பிழை?

பதில்: உங்கள் மேல் பிழை இல்லை. உபுண்டு 21.04 முதல் பெரும்பாலான கணினிகளில் இயல்பாக வேலேண்ட் என்ற திரை முறை இயங்குகிறது. பழைய எக்ஸ்11 முறையில் எந்த நிரலும் மற்ற நிரல்களுக்குப் போகும் விசைகளை ஒட்டுக்கேட்க முடியும். கடவுச்சொல்லைத் திருட நினைக்கும் நிரலுக்கும் அது திறந்த கதவு. வேலேண்ட் அக்கதவை அடைத்திருப்பது நன்மையே, ஆனால் க்வேக்கும் அதனாலேயே எஃப்12 விசையைக் கேட்க முடியாமல் போகிறது.

ஆகவே அந்தப் பொறுப்பை க்னோமிடமே ஒப்படைக்க வேண்டும். அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று, உங்களுக்கான தனிக் குறுக்குவிசை ஒன்றை உருவாக்குங்கள். கட்டளை கேட்கும் இடத்தில் க்வேக்கின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோட்டையும் அதையொட்டி டாகிள் என்ற சொல்லின் முதலெழுத்தைச் சிறிய வடிவிலும் எழுதுங்கள். விசையாக எஃப்12ஐயே கொடுத்தால் உலாவிக்கு அது போய்ச் சேராது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஐ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி அந்தக் கருவிகளைத் திறக்கலாம் என்பதால் இழப்பு ஒன்றுமில்லை. இந்தச் சுற்றுவழி பிடிக்கவில்லை என்றால், க்னோம் நீட்சியாகவே கிடைக்கும் டிடிடெர்ம் வேலேண்டில் நேரடியாக இயங்கும்.

கேள்வி: மறைப்பதற்குப் பதிலாகத் தவறுதலாக மூடிவிட்டால் ஓடிக்கொண்டிருந்த வேலை என்னவாகும்?

பதில்: பெரும்பாலும் அதோடு சேர்ந்து நின்றுவிடும். சர்வரில் மணிக்கணக்கில் ஓடும் வேலை என்றால், அந்தச் சர்வரிலேயே டிமக்ஸ் என்ற நிரலைத் தொடங்கி அதற்குள் கட்டளையை ஓடவிடுங்கள். டெர்மினல் மூடினாலும் இணைப்பு அறுந்தாலும் வேலை தொடரும். மறுபடி நுழைந்து விட்ட இடத்திலேயே சேர்ந்துகொள்ளலாம்.