சொக்கோரோ 1964: விமானப்படை விசாரணை குறித்த கேள்வி பதில்

கேள்வி: யாரோ ஒருவர் பறக்கும் தட்டைப் பார்த்தேன் என்றால் அமெரிக்க ராணுவம் நிஜமாகவே விசாரித்ததா?

விசாரித்தது. 1952 முதல் 1969 வரை விமானப்படையின் 'புளூ புக்' திட்டம், ஓஹையோவின் ரைட்-பேட்டர்சன் தளத்திலிருந்து நடந்தது. வந்த புகார்கள் 12,618. கடைசிவரை விளக்கம் கிடைக்காதவை 701. பார்த்தவரிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். கையை நீட்டிப் பிடித்தால் அந்தப் பொருள் குண்டூசித் தலை அளவா, பட்டாணி அளவா, எந்தக் காசு அளவு என்று அதில் கேட்டிருக்கும். அருமையான கேள்வி அது. தூரம் தெரியாதவர் 'நூறடி நீளம்' என்று சொன்னால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: அதில் நன்றாக விசாரிக்கப்பட்டது எது?

நியூ மெக்சிகோவின் சொக்கோரோ. 1964 ஏப்ரல் 24, மாலை 5.45 வாக்கில் லோனி சமோரா என்ற போலீஸ்காரர் வேகமாகப் போன காரைத் துரத்துகிறார். பெரிய இரைச்சல், தீப்பிழம்பு. அந்தப் பக்கம் டைனமைட் கொட்டகை ஒன்று உண்டு. அது வெடித்துவிட்டதோ என்று காரைத் திருப்புகிறார். ஓடைப் பள்ளத்தில் முட்டை வடிவில் வெள்ளையாக ஒன்று. பக்கத்தில் வெள்ளை உடையில் இருவர். கிட்டப் போனதும் மறுபடி இரைச்சல். பயந்து ஓடும்போது கார் மீது மோதி அவருடைய மூக்குக்கண்ணாடி கீழே விழுகிறது. பொருள் எழும்பிப் போய்விடுகிறது.

மாநிலப் போலீஸ் சார்ஜென்ட் சாம் சாவேஸ் சில நிமிடங்களில் வந்தபோது புதர் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தரையில் நான்கு பள்ளங்கள். அன்றிரவே ராணுவ கேப்டன் ரிச்சர்ட் ஹோல்டரும் ஒரு எஃப்பிஐ அதிகாரியும் சமோராவை விசாரித்தார்கள். பிறகு விமானப்படையின் ஆலோசகர், வானியலாளர் ஆலன் ஹைனெக் நேரில் வந்தார். மண்ணையும் எரிந்த புதரையும் சோதித்ததில் எரிபொருள் தடயம் இல்லை. கதிரியக்கமும் வழக்கமான அளவுதான். தடயம் ஆறுவதற்குள் ஆள் போய்ச் சேர்ந்த வழக்கு இது, அதனால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு.

கேள்வி: அப்படியானால் வேற்றுக்கிரகவாசிகள்தானே?

இல்லை. 'புளூ புக்' கோப்பு இதை 'அடையாளம் தெரியாதது' என்று வகைப்படுத்தியது. அப்படியென்றால் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். தயவுசெய்து யூட்யூப் காணொளிகளை விட்டுவிட்டுக் கோப்பைப் படியுங்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

கேள்வி: நாசாவின் நிலவு இறங்குகலச் சோதனையாக இருக்கலாமே?

'புளூ புக்' திட்டத் தலைவர் ஹெக்டர் கின்டனில்லாவுக்கும் அதே சந்தேகம்தான். அத்தகைய கலம் செய்த நிறுவனங்களையெல்லாம் விசாரித்தார். 1964 ஏப்ரலில் பறக்கும் நிலையில் எதுவும் இல்லை.

கேள்வி: ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? கல்லூரி மாணவர்கள் செய்த குறும்பு என்று எப்போதோ நிரூபித்துவிட்டார்களே!

நிரூபிக்கவில்லை. 1968-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் இதுபற்றிக் கேட்டு எழுத, சொக்கோரோவிலேயே உள்ள நியூ மெக்சிகோ டெக் கல்லூரியின் தலைவர் ஸ்டிர்லிங் கோல்கேட் அந்தக் கடிதத்திலேயே, இதைச் செய்த மாணவர் யாரென்று தனக்கு நல்ல துப்பு இருப்பதாகக் குறித்து அனுப்பினார். கோல்கேட் பெரிய இயற்பியலாளர், அந்தக் குறிப்பை ஒதுக்கிவிட முடியாது.

கேள்வி: (அவரே) பிறகென்ன? ஒப்புக்கொள்ளுங்கள்.

எதை? செய்த மாணவர் யாரும் பெயர் சொல்லி, எப்படிச் செய்தோம் என்று காட்டவில்லை. பலூன் என்றால் அது காற்றின் போக்கில்தான் போகும். வெடி என்றால் புதரில் ரசாயனம் மிஞ்சியிருக்க வேண்டும். குறும்பு என்பது நல்ல ஊகம். ஆனால் வேற்றுக்கிரகக் கட்சியிடம் கேட்கும் அதே ஆதாரத்தை உங்களிடமும் கேட்பேன்.

கேள்வி: வேற்றுக்கிரகவாசிகள் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மேலே பதில் இருக்கிறது. கோப்பைப் படியுங்கள்.

கேள்வி: மாலையில் மேற்கே அசையாமல் ஒரு வெளிச்சம் தெரிகிறது. அது என்ன?

வெள்ளிக் கோளாக இருக்கலாம். பக்கத்து வானியல் மன்றத்தில் கேளுங்கள்.

கேள்வி: அந்தப் பொருளின் மேல் சமோரா பார்த்த சின்னத்துக்கு ஏன் இரண்டு வடிவங்கள் உலவுகின்றன?

நல்ல கேள்வி. சமோரா கையொப்பமிட்ட படத்தில் ஒரு வளைவு, அதன் கீழ் மேல்நோக்கிய அம்பு, அடியில் ஒரு கோடு. அந்தப் படத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்று ஹோல்டர் கேட்டுக்கொண்டார். அப்படி மறைத்து வைத்தால், நாளைக்கு வேறொருவர் 'நானும் பார்த்தேன்' என்று வரும்போது செய்தித்தாளைப் படித்துச் சொல்கிறாரா என்று கண்டுபிடித்துவிடலாம். தலைகீழ் வி-யும் மூன்று கோடுகளும் கொண்ட இன்னொரு வடிவமும் வெளியே பரவியது. கையொப்பம் உள்ள படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.