உபுண்டு 22.04-ல் இன்க்ஸ்கேப்பை மட்டும் அப்கிரேட் செய்ய

தண்டையார்பேட்டைக் கடை மெஷின்ல மத்த எதையும் கலைக்காம இன்க்ஸ்கேப்பை (படம் வரையற சாஃப்ட்வேர்) மட்டும் அப்கிரேட் பண்றது எப்படின்னு கேட்டீங்க. டெர்மினல்ல 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ஒன்லி-அப்கிரேட் இன்க்ஸ்கேப்' கொடுங்க. அதையும் அதுக்குத் தேவையான லைப்ரரிகளையும் மட்டும்தான் தொடும்.

'ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்'னு நிக்குதுன்னா, பெரும்பாலும் யாரோ 24.04-க்கான ரெப்போவை (சாஃப்ட்வேர் இறக்குற சர்வர் முகவரி) சேர்த்திருப்பாங்க. 'ஆப்ட் பாலிசி இன்க்ஸ்கேப்' அடிச்சு, பதில்ல 'நோபுள்'னு (24.04-ஓட பேரு) வருதான்னு பாருங்க. வந்தா ரெப்போ பட்டியல்ல இருந்து அந்த ரெப்போவோட வரியை எடுத்துட்டு, 'சூடோ ஆப்ட் அப்டேட்' போட்டு மறுபடி முயற்சி பண்ணுங்க.

முதல் கட்டளையிலேயே -எஸ் சேர்த்தா ஒத்திகை மட்டும் நடக்கும். நீக்கப் போற பட்டியல்ல பிரிண்டருக்கான கப்ஸ் இருந்தாலோ, லிப்சி6 (எல்லா புரோகிராமும் நம்பியிருக்கற அடிப்படை லைப்ரரி) உங்க 2.35-லேருந்து 2.39-க்குத் தாவினாலோ அங்கேயே நிறுத்திடுங்க. தண்டையார்பேட்டைக் கடையில முகூர்த்த சீசன்ல பத்திரிகை அடிக்கிற மெஷின், தயவுசெஞ்சு ரிஸ்க் எடுக்காதீங்க.

ரெப்போல இருக்கறதைவிடப் புதுசு வேணும்னா ஆப்இமேஜ்தான் (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற ஒரே ஃபைல்) நல்லது. சிஸ்டம் லைப்ரரி எதையும் மாத்தாது.