வீட்டு மாடி சோலாருக்குக் கார்பன் கிரெடிட் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள், நம்பலாமா?

உங்கள் கேள்வி: 3 கிலோவாட் சோலார், நெட் மீட்டருடன் (கிரிட்டுக்கு, அதாவது மின்வாரிய லைனுக்குப் போவதையும் அங்கிருந்து வருவதையும் கணக்கிடும் மீட்டர்) ஓடுகிறது. பதிவுக் கட்டணம் கட்டினால் ஆர்.இ.சி.யும் (புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான சான்றிதழ்) கார்பன் கிரெடிட்டும் விற்று வருடா வருடம் பணம் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மழை, தூசி கழித்தால் உங்கள் மாடியில் வருடத்துக்கு 4,000 யூனிட் சொச்சம். ஒரு ஆர்.இ.சி. என்பது 1,000 யூனிட். ஆக, நாலே நாலு சான்றிதழ். 2022 டிசம்பரில் புதிய விதிகள் வந்து குறைந்தபட்ச விலை என்பதே இல்லாமல் போன பிறகு, மின்சந்தையில் ஒன்று சில நூறு ரூபாய்க்குத்தான் போகிறது. கார்பன் கிரெடிட் என்றால் ஒன்றுக்கு ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைத் தவிர்த்திருக்க வேண்டும். நம் நாட்டு கிரிட்டில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 4,000 யூனிட்டுக்கு 2.8 டன், முழுசாக மூன்று கிரெடிட்கூடத் தேறாது.

பணம் சின்னது என்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மின்வாரியத்துக்கு, அது விற்கும் மின்சாரத்தில் இத்தனை சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று சட்டக் கடமை இருக்கிறது. நெட் மீட்டர் வைத்த வீடுகளின் சோலார் யூனிட்டுகள் அந்தக் கடமைக் கணக்கில் ஈ.பி.க்குச் சேர்கின்றன. அதாவது உங்கள் 4,000 யூனிட்டின் 'பசுமை' ஏற்கெனவே ஒருவர் கணக்கில் ஏறிவிட்டது. அதையே இன்னொருவருக்கு விற்றால் ஒரே நிலத்துக்கு இரண்டு பத்திரம் போட்ட மாதிரி.

"பல வீடுகளை ஒன்றாகச் சேர்த்துப் பதிவு செய்யலாமே" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். சேர்க்கலாம், மறுக்கவில்லை. தமிழ்நாட்டு நூற்பாலைகள் சங்கம் தன் உறுப்பினர்களின் காற்றாலைகளை ஒரே திட்டமாகக் கட்டி ஐ.நா.வின் கார்பன் கிரெடிட் திட்டமான சி.டி.எம்.மில் பதிவு செய்ததே. ஆனால் அவை மெகாவாட் கணக்கில் இருந்தன. தணிக்கைச் செலவைத் தாங்கின. இன்றைக்கு நிலைமை வேறு. கிரிட்டில் சேரும் சோலார், காற்றாலைத் திட்டங்களைப் புதிதாகச் சேர்ப்பதை கார்பன் கிரெடிட் வழங்கும் அமைப்புகளான வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு இரண்டும் 2019-20 வாக்கிலேயே பெரும்பாலும் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு என்று சுருக்கிவிட்டன. காரணம் நியாயமானது: கிரெடிட் பணம் வராவிட்டாலும் நீங்கள் அந்தப் பேனலைப் போட்டிருப்பீர்கள். மானியம் வாங்கி, பில் குறையும் என்றுதான் போட்டீர்கள். இல்லாமலே நடந்திருக்கும் காரியத்துக்குக் கிரெடிட் கொடுத்தால், வாங்குகிறவர் விடும் புகைக்கு ஈடு எங்கே?

அதையும் மீறிக் கையெழுத்துப் போடுவதாக இருந்தால், ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைப் படியுங்கள். சுற்றுச்சூழல் பலன் மீதான உரிமை எத்தனை வருடத்துக்கு அவர்களிடம் போகிறது, இன்வெர்ட்டர் டேட்டாவுக்கு யார் சொந்தம், நடுவில் விலகினால் என்ன. கிரெடிட் வெளியாகும் முன்பே கட்டணம் கேட்டால் அங்கேயே எழுந்து விடுங்கள்.

நீங்கள் விற்பதற்குப் பதில், உங்கள் வீட்டுப் புகைக்கு ஈடாக வாங்க நினைத்தால், அதற்கு வழி இருக்கிறது. ஆர்.இ.சி. மின்சாரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். பைக் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் அதைக் காட்ட முடியாது. பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோ, 14.2 கிலோ சிலிண்டருக்குச் சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. இவற்றுக்குக் கார்பன் கிரெடிட்தான். வாங்கினால் மட்டும் போதாது, அது 'ரிடையர்' ஆக வேண்டும், அதாவது மறுபடி விற்க முடியாதபடி பதிவேட்டில் முடித்துவைக்கப்பட வேண்டும். விற்பவர் அனுப்பும் அழகான பி.டி.எஃப்.பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வரிசை எண்ணைக் கேளுங்கள். பதிவேட்டின் பொது இணையதளத்தில் போட்டால் திட்டத்தின் பெயர், எந்த வருடத்துக் கிரெடிட், எந்தத் தேதியில் ரிடையர் ஆனது எல்லாம் வரும். 'ஆக்டிவ்' என்று காட்டினால் அது இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது. புகையில்லா அடுப்புத் திட்டங்களின் கிரெடிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். 2024-இல் வெளியான பெர்க்லி ஆய்வு ஒன்று, தாங்கள் எடுத்துக்கொண்ட திட்டங்களில் கிரெடிட் ஒன்பது மடங்குக்கு மேல் அதிகமாகக் கொடுக்கப்பட்டதாகக் கண்டது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் பேசுவதில்லை. மத்தியானம் பன்னிரண்டு, ஒரு மணிக்கு மாடிக்குப் போய் இன்வெர்ட்டர் திரையைப் பாருங்கள். தெருவில் நாலு வீட்டில் சோலார் இருந்தால் அந்த நேரத்தில் லைன் வோல்டேஜ் ஏறும். 253-ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானாகக் கழன்றுகொள்ளும், விதியே அப்படித்தான். ஃபால்ட் லாகில் (கோளாறுப் பதிவில்) 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' என்று வரிசையாக இருக்கும். உச்சி வெயிலில் தினம் ஒரு மணி நேரம் போனால் 2 யூனிட் போச்சு, வருடத்துக்கு 600, 700 யூனிட். உங்கள் நாலு சான்றிதழை விற்று வரும் காசைவிட இந்த நஷ்டம் பெரியது. இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை கேபிள் நீளமாக, மெல்லிசாக இருந்தால் முதலில் அதைத் தடிமனாக்குங்கள். கேபிளில் ஏறும் வோல்டேஜும் சேர்ந்துதான் டிரிப் ஆகிறது. மீட்டர் முனையிலேயே 250-ஐ நெருங்கினால், மணி வாரியாக அளவெடுத்துப் போட்டோவோடு பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து டிரான்ஸ்பார்மர் டேப்பை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஒரு படி இறக்கச் சொல்லுங்கள். ஏஜென்டுக்கு வைத்திருந்த பணத்தைக் கேபிளுக்குப் போடுங்கள்.