பெயர் மறப்பது வேறு, நடந்ததே மறப்பது வேறு

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. 12 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். சொந்தக்காரர்கள் பெயர் சட்டென்று வராது. முதல் எழுத்தைச் சொன்னால் சொல்லிவிடுவார். ஆனால், போன மாதம் குடும்பத்தோடு போய்வந்த கல்யாணத்தைப் பற்றி ‘அது என்றைக்கு?’ என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். சி.டி. ஸ்கேனில் ‘வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்’ என்று எழுதியிருக்கிறார்கள். வயதானால் மூளை செல்கள் தினமும் லட்சக்கணக்கில் செத்துப்போகும் என்கிறார்களே, இது அதுதானா?

பதில்: லட்சக்கணக்கில் சாகின்றன என்பது பழைய கணக்கு. அன்று எண்ணியவர்கள், பதப்படுத்தும்போது மூளைத் திசு சுருங்குவதைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு முறையாக எண்ணிப் பார்த்ததில், 20 வயதுக்கும் 90 வயதுக்கும் இடையே மூளைப் புறணியில் (மூளையின் வெளி அடுக்கில்) குறைவது ஏறக்குறைய 10 சதவீத நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள்தான் என்று 1997இல் தெரியவந்தது. மூளை முழுவதும் நமக்கு இருப்பவை சுமார் 8,600 கோடி.

அப்படியானால் வயதில் என்னதான் குறைகிறது? செல் இருக்கிறது, அதன் கிளைகளும் கிளைகளின் மேலுள்ள நுண்ணிய முட்களும் குறைகின்றன. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை நைந்துபோவதால் செய்தி மெதுவாகப் போகிறது. ஸ்கேனில் தெரியும் சுருக்கத்தில் பெரும்பங்கு இதுதான். 70 தாண்டிய பலருக்கு அந்த வரி அறிக்கையில் வரும். அப்பாவுக்குப் பெயர் உள்ளே பத்திரமாக இருக்கிறது, எடுக்கத்தான் நேரமாகிறது. அதனால்தான் முதல் எழுத்து உதவுகிறது.

கல்யாண விஷயம் அப்படியில்லை. அதைத்தான் நான் கவனமாகப் பார்ப்பேன். புது நிகழ்ச்சி எதுவும் நினைவாகப் பதிய, என்டோரைனல் கார்டெக்ஸ் என்ற வாசல் வழியாக, நினைவைப் பதியவைக்கும் பகுதியான ஹிப்போகாம்பஸுக்குப் போயாக வேண்டும். அல்சைமர் நோயில் முதலில் அடிவாங்குவது அந்த வாசல்தான். மிக லேசான மறதி நிலையில் இருந்தவர்களுக்கே அங்கே இரண்டாம் அடுக்கில் பாதிக்கு மேற்பட்ட செல்கள் போயிருந்ததை 1996இல் எண்ணிக் காட்டினார்கள். செல்லுக்குள் சரக்கு போகும் நுண்குழாய்களைத் தாங்குவது டாவ் புரதம். அது கழன்று சிக்குப் பிடித்தால் குழாய் குலைகிறது, நரம்பிணைப்புக்குப் போக வேண்டியது போய்ச் சேராமல் முதலில் இணைப்பும் பிறகு செல்லும் அழிகின்றன. செல்லுக்கு வெளியே அமைலாய்டு என்ற இன்னொரு புரதம் படிவது, மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து வருடம் முன்பே தொடங்கியிருக்கும். பதியாத ஒன்றை எந்தக் குறிப்பு கொடுத்தும் எடுக்க முடியாது.

எனவே அப்பா மறுபடி கேட்டால் பதிலைச் சொல்லிவிடாதீர்கள். ‘பந்தியில் பாயசம் ரொம்ப இனிப்பு என்றீர்களே’ என்று ஒரு நூலை மட்டும் கொடுங்கள். ‘ஆமாம், அங்கேதானே’ என்று மீதியை அவரே தொடர்ந்தால் ஆறுதல். போகவே இல்லை என்பதுபோல் விழித்தால், தேதியோடு குறித்துவையுங்கள். நாலு பேர் முன்னால் சோதிக்க வேண்டாம், அவர் கூசிப்போவார். பணம் எண்ணுவது, மாத்திரை எடுத்துக்கொள்வது, தெரிந்த தெருவில் வழி தவறுவது ஆகியவற்றையும் நான்கு வாரம் குறியுங்கள்.

இதை வைத்து அல்சைமர் என்று முடிவுகட்ட வேண்டாம். நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குடலில் சரியாகச் சேராது. பி12 குறைந்தால் மயலின் கெடும், மறதியும் வரும், ஆனால் நேரத்தில் பிடித்தால் சரிசெய்யலாம். பி12 ஊசி போடும் முன்பே பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள், போட்ட பிறகு எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பி12 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு; 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. பி12 பார்க்காமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தொடங்காதீர்கள், ரத்தசோகை மறைந்து நரம்புச் சேதம் தொடரும். கூடவே தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், சோடியம், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பாருங்கள். சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறார் என்றால், இரவில் சர்க்கரை தாழ்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது மாத்திரைகள். கால் எரிச்சலுக்கான அமிட்ரிப்டிலின், சளி மாத்திரையிலுள்ள குளோர்பெனிரமின், சிறுநீர் அவசரத்துக்கான ஆக்ஸிபியூட்டினின் மூன்றும் மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பவை. அல்சைமரில் குறைந்துபோவதும் அதே ரசாயனம்தான். நீங்களாக நிறுத்தாமல், வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். காது கேட்கிறதா, மனச்சோர்வு உண்டா என்பதையும் சொல்லுங்கள். சரியாகக் காதில் விழாத செய்தி நினைவிலும் நிற்காது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மறதி தொடர்ந்தால், நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, ஹிப்போகாம்பஸின் அளவைக் குறிப்பிடும்படி கேட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் மாத்திரை, மிச்சமிருக்கும் அசிட்டைல்கோலினைச் சிதையாமல் தக்கவைக்கும்; செத்த செல்லை மீட்காது. நாடித்துடிப்பு குறைவாக இருந்தால், ஈ.சி.ஜி. பார்க்காமல் அதைத் தொடங்கக் கூடாது.

ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினாலோ, விழுந்து சில வாரங்களில் தூக்கக்கலக்கமும் தலைவலியும் வந்தாலோ, நான்கு வாரக் குறிப்பெல்லாம் வேண்டாம். தொற்றாகவோ மண்டைக்குள் ரத்தக்கட்டாகவோ இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.