நட்ட மரம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் பழைய ரயில் பாதையில் நடந்த இலக்கிய நடைக்கும், அதன்பின் நூலகத்தில் நடந்த கவிதை வாசிப்புக்கும் வந்திருந்தேன். ‘இயற்கை, சமூகம், வீடு’ என்பது தலைப்பு. மொத்தம் முப்பது பேர், அதில் பாதிப் பேர் மேடையேறுகிறவர்கள். எங்கள் திருச்சி வீட்டு வேப்பமரத்தைப் பற்றி ஒரு கவிதை வாசித்தேன். பின்வரிசையில் இருந்த நீங்கள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்கள். சிங்கப்பூருக்கு, இந்தப் பொங்கோலுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. இங்கே எல்லாமே நட்டு, கத்தரித்து, அளந்து வைத்த மரங்கள். இதில் இயற்கையை எப்படி எழுதுவது? இந்த ஊரை வீடு என்று எப்படிச் சொல்வது? இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளால் ஏதாவது பயன் உண்டா? கடைசியில் கொடுத்த உப்புமாவும் ஆறிப்போயிருந்தது.

க., பொங்கோல்

அன்புள்ள க.,

கவிதை நன்றாகவே இருந்தது. சொல்லாமல் வந்தது என் தப்பு. அன்று கோபத்தில் இருந்தேன், உங்கள்மேலும் கொஞ்சம்.

முப்பது பேர் என்று குறைப்படாதீர்கள். ஏழு பேருக்கு முன்னால் புத்தகம் வெளியிட்டவன் நான், அதில் மூன்று பேர் என் மனைவி வீட்டார். பயன் தேடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குப் புக்கிட் தீமா பழைய நிலையத்தில் வந்து நிற்கமாட்டார்கள். வீடு எது என்ற கேள்விக்கும் என்னிடம் பதில் கிடையாது. இங்கேயே பிறந்த என்னிடம் டாக்சிக்காரர் “ஊருக்கு எப்போ போறீங்க?” என்று கேட்கிறார்.

என் கோபம் வேறு. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் போனபின் தண்டவாளத்தைப் பெயர்த்த 24 கிலோமீட்டர் பாதை அது. அதில் ஒரு துண்டு நடந்தோம். கூட்டிப்போன பெண் ஒவ்வொரு மரமாக நின்று பெயர் சொன்னார். நம் ஆட்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வாசிப்பு. மரம், மரம் என்று எத்தனை மரம்! ஒன்றுக்கும் பெயர் இல்லை. உங்கள் வேம்புக்கு மட்டும் பெயர் இருந்தது, அதுவும் திருச்சியில் நின்றது.

நட்டதெல்லாம் இயற்கை இல்லையா? சரி, உங்கள் ஊர் நெல்வயல் தானாக முளைத்ததா? கல்லணை தானாகக் கட்டிக்கொண்டதா? உங்கள் வீட்டு வேம்பையும் யாரோ ஒரு பாட்டி தண்ணீர் ஊற்றித்தான் வளர்த்திருப்பார். நடாத காடுதான் வேண்டுமென்றால் 1883லேயே காப்புக்காடாக அறிவித்த புக்கிட் தீமா இருக்கிறது, பேருந்தில் போகலாம். நான் சொல்ல வந்தது நட்ட மரத்தைப் பற்றித்தான், ஏனென்றால் நட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

எழுபதுகளின் தொடக்கம். தோ பாயோவில் ஓரறை வீடு. நகரத்தைப் பசுமையாக்கும் வேலை 1967லேயே தொடங்கியிருந்தது. நிழல் உடனே வேண்டும், விதை போட்டு முளைக்கும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. அங்சானா என்ற மரத்தின் பெரிய கிளையை வெட்டிக் குழியில் இறக்கினால் வேர் விட்டுவிடும். மண்டோர், அதாவது வேலையை மேற்பார்க்கும் கங்காணி, அதை ‘இன்ஸ்டன்ட் மரம்’ என்பார். கொல்லிமலை அடிவாரத்துக்காரரான அப்பாவுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. “போத்து நடுறோம்” என்பார், பூவரசுக்கும் கிளுவைக்கும் சொல்வதுபோல. மரத்தின் பெயரையும் மண்டோர் சொன்னபடி அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. “இது நம்ம வேங்கை.”

ஒரு சாயங்காலம் சட்டையெல்லாம் சிவப்பாக வந்து நின்றார். அம்மா அலறிவிட்டார். “அட, மரத்து ரத்தம் புள்ள,” என்று சிரித்தார் அப்பா. வெட்டிய இடத்தில் வடிந்ததைப் பால் டின்னில் பிடித்து வந்திருந்தார். அது இறுகியதும் ஊரில் வேங்கைப் பாலில் செய்வதுபோல என் தங்கைக்குக் கன்னத்தில் பொட்டு வைத்தார்கள். ஊரில் கருப்பாக வரும் என்றார் அம்மா. இங்கே ஒரு மாதிரி செங்காவியாகத்தான் வந்தது. திருஷ்டிக்கு நிறம் தெரியவா போகிறது என்று அப்பா சொல்லிவிட்டார்.

நான் படித்துத் தெரிந்துகொள்ள இருபது வருடம் ஆயிற்று. அங்சானாவும் கொல்லிமலை வேங்கையும் ஒரே பேரினம், டெரோகார்ப்பஸ். அதே மஞ்சள் பூ, அதே சிவப்புப் பால், அதே வட்ட இறக்கை கட்டிய காய். வேங்கைப் பூ பறிக்கிற பெண்கள் ‘புலி, புலி’ என்று கூவுவது அகநானூற்றில் வருகிறது. சிங்கத்தின் பெயர் வைத்த ஊரில் சாலைக்குச் சாலை புலியின் பெயர் கொண்ட மரத்தின் சொந்தக்காரி நிற்கிறாள், நம் கவிஞர்கள் அவளை ‘பெயர் தெரியாத மஞ்சள் பூ மரம்’ என்று எழுதுகிறார்கள்! பெயர் தெரியாவிட்டால் கேட்க வேண்டியதுதானே? அடியில் குப்பை கூட்டுகிற புதுக்கோட்டைத் தம்பி சொல்வார். ஒரே நாளில் பூத்துக் கொட்டித் தீர்க்கும் அந்தப் பூவைத் திட்டிக்கொண்டே சொல்வார். (குயிலின் கதையும் இதுதான். மேடையில் குயிலுக்கு உருகுகிறவர், விடியற்காலை ஐந்து மணிக்குச் சன்னலோரம் அது கூவினால் நகர மன்றத்துக்குப் புகார் எழுதுகிறார்.)

உங்களைத் திட்டவேண்டும் என்று உட்காரவில்லை அம்மா. அந்த வேம்பை வெட்டச் சொல்லவும் இல்லை. ஒன்பது வருடமாக உங்கள் புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கிறீர்களே, வழியில் நிற்பவை என்னென்ன? எனக்கு எழுதுங்கள், கவிதையாக வேண்டாம், பட்டியலாகவே போதும். ‘நாமும் வெட்டி நட்ட போத்துகளே’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை முப்பது வருடம் முன்பே நான் எழுதிக் கெடுத்தாயிற்று.

உப்புமா விஷயத்தில் நான் முழுக்க உங்கள் கட்சி. ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த முறை இட்லியாம்.