கராத்தே உண்மையில் சீனக் குங்ஃபூவிலிருந்துதான் வந்ததா?

பெருமளவு ஆம். ஆனால் எல்லோரும் சொல்கிற வழியாக இல்லை.

இந்தக் கேள்வி வந்தாலே ஷாவோலின் கோயில், போதிதர்மர் என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஷாவோலின் இருப்பது வடக்கே ஹெனானில். போதிதர்மரைச் சண்டைக் கலையோடு சேர்த்துச் சொல்லும் கதையோ 17ஆம் நூற்றாண்டு நூலொன்றிலிருந்து பரவியது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தியது. கராத்தே உருவான ஒகினாவாத் தீவுக்காரர்கள் போய் வந்த ஊர் ஃபுசோ, தெற்கே ஃபுஜியான் மாகாணத்துத் துறைமுகம்.

ஏன் ஃபுசோ? அப்போது ஒகினாவா ரியூக்யூ என்ற தனி அரசு. 1372 முதல் மிங் பேரரசருக்குத் திறை செலுத்தி, அதன் பெயரில் வணிகமும் செய்தது. 1392இல் ஃபுஜியானிலிருந்து வந்த குடும்பங்கள் நாஹா துறைமுகத்தை ஒட்டி குமே என்ற குடியிருப்பை அமைத்தன. ஃபுசோவிலும் ரியூக்யூக்காரர்கள் தங்க ஒரு விடுதி இருந்தது. சில நூற்றாண்டுகள் இப்படிப் போக்குவரத்து இருந்தால் பட்டும் மருந்தும் மட்டுமா வரும்?

தலைநகர் ஷுரி பக்கத்துக் கராத்தேயில் சீனச் சாயல் பழையது, கலங்கலானது. உள்ளூரில் ஏற்கெனவே 'தே' என்ற கைச்சண்டை இருந்தது. அதோடு கலந்துவிட்டதால் எது எங்கிருந்து வந்தது என்று பிரிப்பது சிரமம். குசான்கு என்ற கட்டாவே (வரிசைப்படுத்திய அசைவுகளின் பயிற்சித் தொகுப்பு) ஒரு சீனரின் பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நாஹா பக்கம் கதை வேறு. நான் நாஹா பக்கத்துப் பாணியான கோஜு-ரியூ பயில்பவன் என்பதால் கொஞ்சம் ஒருதலையாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலவர் ஹிகாவோன்னா கான்ரியோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபுசோவுக்குப் போய் ரியூ ரியூ கோ என்பவரிடம் கற்றார். (அந்த ஆசிரியர் யார் என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், கைச்சண்டை இல்லை.) ஹிகாவோன்னாவின் மாணவர் மியாகி சோஜுன் எங்கள் பாணிக்குப் பெயர் எடுத்ததே ஒகினாவா ஆசிரியர்களிடையே கைக்குக் கை நகலெடுக்கப்பட்டு வந்த 'புபிஷி' என்ற சீன ஏட்டிலிருந்துதான். அதில் ஃபுஜியானின் வெண்கொக்குப் பாணி குங்ஃபூ விஷயங்கள் நிறைய.

இன்னும் நேரடியான சாட்சி, உயெச்சி-ரியூ பாணியின் மூலவர் உயெச்சி கன்பன். 1897இல் ஃபுஜியான் போனவர், அங்கேயே பல வருடம் ஜோ ஸிஹேயிடம் பயின்று 1910இல் திரும்பினார். கொண்டுவந்தவை மூன்றே கட்டா: சான்சின், செய்சான், சான்செய்ரியூ. ஊர் திரும்பியும் வெகுகாலம் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை; 1920களில் ஜப்பானின் வகாயாமாவில் வேலைக்குப் போன இடத்தில்தான் தொடங்கினார். அதனாலோ என்னவோ உயெச்சி-ரியூவில் சீன முகம் அவ்வளவாக அழியவில்லை. அவர்கள் சான்சினைத் திறந்த கையோடு செய்வார்கள், விரல்நுனியால் குத்துவார்கள், கால்விரல் நுனியால் உதைப்பார்கள். எங்கள் கோஜு-ரியூ சான்சினில் முஷ்டி மூடிவிட்டது, மூச்சு இரைச்சலாகிவிட்டது. ஹிகாவோன்னா முதலில் திறந்த கையோடுதான் கற்பித்தார் என்று சொல்கிறார்கள்.

சரி, அப்புறம் ஏன் இது 'ஜப்பானியக் கலை' என்று பெயர் வாங்கியது? 1879இல் ஜப்பான் ரியூக்யூ அரசைக் கலைத்துத் தன் மாவட்டமாக்கியது. 1900களின் தொடக்கத்தில் ஒகினாவா ஆசிரியர் இதோசு ஆன்கோ கராத்தேயைப் பள்ளிகளுக்குள் கொண்டுபோனார். அவரே 1908இல் எழுதிய கடிதத்தில் இது சீனாவிலிருந்து வந்தது என்று கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். ஆனால் 1930களில் சீனாவோடு பகை முற்றியபோது அந்த அடையாளம் சங்கடமாகிவிட்டது. 1936இல் நாஹாவில் ஆசிரியர்கள் கூடி, 'சீனக் கை' என்று பொருள்பட எழுதிவந்த பெயரை 'வெறுங்கை' என்று எழுதுவதாக முடிவெடுத்தார்கள். டோக்கியோவில் கராத்தே கற்பித்த ஒகினாவாக்காரர் ஃபுனாகோஷி கட்டாக்களின் பெயர்களையும் ஜப்பானியமாக்கினார், குசான்கு 'கான்கு' ஆனது இப்படித்தான்.

நம்பிக்கை வரவில்லையென்றால், யூடியூபில் ஃபுஜியான் வெண்கொக்குப் பாணியின் 'சான் ஜான்' (சான்சினின் சீன வடிவம்) பார்த்துவிட்டு அடுத்து உயெச்சி-ரியூ சான்சின் பாருங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு, முழங்கை எங்கே நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.